நல்ல காலைக் குறைத்துத் தாண்டியவர்

“முட்டி எப்பவோ சரியாயிடுச்சு, இந்த பிசியோ அம்மாதான் என்னைப் பிடிச்சு வெச்சிருக்கு.” மூக்கைப் பிடித்துக்கொண்டு இதை நான் சொன்னால், சித்தப்பா வந்துவிட்டாரென்று வீடே திரும்பிப் பார்க்கும். முட்டியில் அறுவை முடிந்த இந்த ஒன்பது மாதமாக அவர் வாயில் வேறு பேச்சில்லை.

கால்பந்து அணியில் அவர் இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான். அந்த இடம் திரும்பக் கிடைக்க, அணிக்குப் பிசியோதெரபி பார்க்கும் அந்த அம்மா முன் ஒற்றைக்காலில் தாண்டிக் காட்ட வேண்டும். நல்ல கால் தாண்டும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது அறுவை செய்த கால் எட்ட வேண்டும். இன்னும் ஒரு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் எட்டிவிடும். சித்தப்பாவின் மூளையோ குறுக்கு வழிக்கென்றே பிறந்தது. நல்ல காலால் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு தாண்டு தாண்டினார். இரண்டு காலும் சரிசமம் ஆயின. ஆடலாம் என்று பிசியோ அம்மா கையெழுத்துப் போட்டார்.

முதல் ஆட்டம், ஏழாவது நிமிடம். பக்கத்தில் ஆளே இல்லாமல், திரும்பும்போதே மடங்கி விழுந்தார். அதே முட்டி.

ஸ்ட்ரெச்சர் அருகே ஓடிவந்த பிசியோ அம்மாவிடம் சித்தி போட்டு உடைத்தாள். “நல்ல காலை வேணும்னே குறைச்சுத் தாண்டினாரும்மா. வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.”

“என்னை ஏமாத்துறதா நெனச்சு யாரை சார் ஏமாத்துனீங்க?” என்றார் பிசியோ அம்மா.

சித்தப்பா படுத்தபடியே விரலை நீட்டினார்.

“அளந்தது உங்க டேப்பு, எழுதுனது உங்க பேனா, கையெழுத்தும் உங்களோடது! தாண்டுனது மட்டும்தாம்மா நான்!”