பொலிக்சேனியம்மா கூப்பிட்ட பெயர்

ஏதென்ஸில் கலவரம் என்றால் எங்கள் தொலைக்காட்சிக்குக் கொண்டாட்டம். ஒரு குப்பைத்தொட்டி எரிந்தால் போதும், அதை மூன்று பக்கத்திலிருந்து காட்டி நகரமே பற்றி எரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதே தெருவின் மறுமுனையில் ஆட்கள் உட்கார்ந்து நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் கேமரா திரும்பக் கூடாது. கேமராவைச் சுமப்பவன் நான். எதைக் காட்டுவது என்று முடிவு செய்பவர்கள் புகை வராத அறையில் இருக்கிறார்கள்.

எங்களுக்கு வாகான இடம் எக்ஸார்க்கியா பேட்டையில் பொலிக்சேனியம்மா வீட்டு இரண்டாம் மாடி பால்கனி. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசு வெட்டித் தள்ளிய அந்த வருடங்களில் அடிக்கடி அங்கே போய் நிற்போம். அந்த அம்மாள் நகரத்தின் பெரிய சந்தையில் காலமெல்லாம் மீன் விற்றவர். நெத்திலி வந்திருக்கிறது என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் எதிர் வரிசைக் கறிக்கடைக்காரன் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பானாம். எங்களை வாசலிலேயே மடக்குவார். "பூட்ஸத் துடைச்சிட்டு உள்ள வாங்கடா. ஊரு எரிஞ்சா எரியட்டும், என் தரை அழுக்காகக் கூடாது." திட்டி முடித்த கையோடு பருப்பு சூப்பும் ஆலிவ் காயும் வந்துவிடும்.

அவருடைய கணவரும் கொழுந்தனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். கொழுந்தன் மனைவி ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு வீட்டுப் பையன்களையும் வளர்த்து ஆளாக்கியது இவர்தான். இருவருக்கும் ஒரே பெயர், ப்ரோகோப்பிஸ். தலைச்சன் பையனுக்குத் தாத்தா பெயரை வைக்காவிட்டால் எங்கள் ஊரில் குடும்பம் இரண்டாகிவிடும். அண்ணனும் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பியும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியவன், சின்னவன் என்று பிரித்துக் கூப்பிடக் கூடாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். தனக்கு இருப்பது ஒரு தொண்டைதான், ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டும் சாப்பிட ஓடி வரும்போது எதற்கு இரண்டு தடவை கத்த வேண்டும் என்று என்னையே மடக்கினார்.

அவர் பெற்ற பெரியவன் கலவரத் தடுப்புப் போலீஸில் சேர்ந்தான். கொழுந்தன் மகனான சின்னவனுக்கு இருந்த வேலை போயிற்று. அவன் முகத்தை மூடிக்கொண்டு கல்லெறியும் கூட்டத்தோடு போனான். அதன்பின் இருவரும் ஒரு மேசையில் உட்காரவில்லை. ஒரு நாள் அடுப்படியில் மெதுவாகச் சொன்னார்: "உங்க டிவில நான் வேற எதையும் பாக்குறதில்லடா. ஒருத்தன் கையால இன்னொருத்தன் செத்துருவானோன்னுதான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்." நான் சூப்பைக் குடித்தேன்.

ஒரு பிப்ரவரி மாதத்து மதியம். தெரு முழுக்கக் கண்ணீர்ப்புகை. எங்கள் நிருபர் அரிஸ்டிடிஸ், தலைமுடி கலையாமல் கலவரம் பேசத் தெரிந்தவன், பால்கனியில் நின்று நேரலையில் முழங்கிக்கொண்டிருந்தான். கீழே ஒரு போலீஸ்காரன் வரிசையை விட்டு முன்னால் ஓடி வழுக்கிக் குப்புற விழுந்தான். தலைக்கவசம் கழன்று உருண்டது. முகம் மூடிய ஒருவன், படிக்கட்டிலிருந்து பெயர்த்த பளிங்குப் பாளத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியபடி அவன் அருகில் போய் நின்றான். கல் தூக்கியவனுக்குத் தெரிந்தது ஒரு பிடரி மட்டும். எனக்கு இருவரையும் அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற அம்மாளுக்குத் தெரிந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தார்.

"ப்ரோகோப்பிஸ்!"

என் காது அடைத்துக்கொண்டது. வெடிச்சத்தம், கோஷம், சைரன் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் இறங்கியது. விழுந்து கிடந்தவன் முகத்தைத் திருப்பினான். கல்லோடு நின்றவன் அண்ணாந்தான். தடியை ஓங்கிய போலீஸும் பாட்டிலை ஓங்கிய பையன்களும் அப்படியே நின்று பால்கனியைப் பார்த்தார்கள். எத்தனையோ கலவரங்களைப் பார்த்தவன் நான், ஒரு மனுஷியின் குரலுக்கு ஒரு தெருவே கட்டுப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அரிஸ்டிடிஸ் என் தோளைத் தட்டினான். கேமராவை அந்த அம்மாள் பக்கம் திருப்பச் சொல்கிறான். ஒரு கண்ணைத் தெருவில் விட்டுவிட்டு லென்ஸைத் திருப்பினேன். மைக்கை அவர் வாயருகே நீட்டி, யார் அந்த ப்ரோகோப்பிஸ், போலீஸ்காரரா முகமூடிக்காரரா, உங்களுக்கு என்ன உறவு என்று அடுக்கினான். எதைச் சொன்னாலும் ஒருவன் தொலைந்தான். சின்னவன் என்றால் அவனுக்குச் சிறை. பெரியவன் என்றால் வீட்டையே துருவிச் சின்னவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பெரியவனுக்கும் வேலை நிலைக்காது. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவர் கண் இறுக மூடியிருந்தது, கம்பியைப் பிடித்தபடியே நின்றார். சந்தையில் விலை சொல்லும் குரலில் பதில் வந்தது.

"அது எங்க மாமனார் பேருப்பா. மண்ணுக்குள்ள போயி ரொம்ப வருசமாச்சு. பயம் வந்தா அவரத்தான் கூப்பிடுவேன்."

இதில் பொய் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அலுவலகத்தில் ஒரே குஷி. அன்று மாலைச் செய்தியில் சோக வயலினைப் பின்னால் ஓடவிட்டு, 'இறந்தவரை அழைத்த தாய்' என்று போட்டார்கள். தெரு நின்ற அந்தக் கணத்தை வெட்டிவிட்டார்கள். ஒன்றும் நடக்காத படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள்.

அதற்கு முன், பால்கனியில் நேரலை முடிந்ததும் அரிஸ்டிடிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் கேமராவைக் கீழே வைத்தேன். பொலிக்சேனியம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கண் இன்னும் மூடியிருந்தது.

"டேய் கேமரா," என்றார். இப்போது குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "கல்லு எங்கடா விழுந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்ட நொடியிலேயே கண்ணை மூடியிருக்கிறார். தான் வளர்த்த பிள்ளையின் கையால் தான் பெற்ற பிள்ளை செத்தானா பிழைத்தானா என்று தெரியாமலேதான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்.

"ரோட்டுலதாம்மா விழுந்துச்சு," என்றேன். "சின்னவன் கையக் குடுத்துப் பெரியவன எழுப்பி விட்டுட்டு ஓடிட்டான்."

கம்பியிலிருந்து அவருடைய விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.