கடலுக்கு ஒரு ஸ்வெட்டர்

ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. டெல்லிக் குளிருக்கு நான் ஒதுங்கிய ஆர்.கே.புரம் அரங்கில் கிரேக்கப் படம் ஓடுகிறது. ஒரு மீனவர், பாவம் குளிருமே என்று கடலுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார்.

பக்கத்து இருக்கைத் தமிழ்ப் பெண்மணியும் திரையைப் பார்த்தபடியே மகனுக்குப் பின்னுகிறார். நாளைக்குள் முடித்தாகணுமாம். ஆபீஸ் புல்வெளியில், லஞ்ச் நேர வெயிலில் பழகிய கை, இருட்டிலும் நிற்பதில்லை.

"கடலுக்கு அளவு எப்படி எடுத்தான்?" என்று என்னைக் கேட்கிறார்.

"எடுக்கலை போலிருக்கு."

"அச்சா."

படம் முடிந்து விளக்கு எரிகிறது. ஸ்வெட்டரின் ஒரு கை அளவு மீறி நீண்டு, அவர் மடியிலிருந்து தொங்குகிறது.

"பிரிக்கணுமே, மேடம்."

அவர் அதை மெல்லத் தடவிப் பார்க்கிறார்.

"எதுக்கு? இன்னொரு கையையும் இதே நீளத்துக்குப் போட்டுடறேன்."