தேர்ட் ஷிஃப்டின் ஒரே கேசட்

வாய் சும்மா இருந்தால்தானே? இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பத்தியில் ஜம்பமாக எழுதினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் புதுச்சேரியில் 'தேர்ட் ஷிஃப்ட்' என்று ஒரு ராக் பேண்ட் இருந்தது, அவர்கள் பாட்டு பதிவான ஒரே கேசட் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அண்ணா, நான் ஜுலேகா. யூசுப் வூட்ல. அந்த கேசட்ட ஒருவாட்டி கேக்கணும்ண்ணா."

யூசுப்தான் தேர்ட் ஷிஃப்டின் பாடகன். என் சிநேகிதன். பேண்ட் கலைந்த அடுத்த வருஷம்தான் ஜுலேகாவைக் கட்டினான். அப்புறம் பாடவே இல்லை. போன தை மாதம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தான், குரல் போய்விட்டது.

"எப்ப கேட்டாலும் 'அப்புறம் பாடறேன், அப்புறம் பாடறேன்'னே ஏமாத்திட்டாருண்ணா. இனிமே எங்க பாடறது?"

"கொண்டாரேம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. காரணம் இருக்கிறது... சொல்கிறேன்.

பேண்டில் நாலு பேர். மூன்று பேருடைய அப்பாக்கள் மில் தொழிலாளிகள், அதனால்தான் அந்தப் பெயர். யூசுப் வீட்டுக்கு டிரங்குப் பெட்டிக் கடை. டிரம்ஸ் வாங்க வழியில்லாத முதல் வருஷம் முழுக்க, கடையில் விற்காத பெட்டிகள்தான் டிரம்ஸ்! கிடார்காரன் சர்ச் கொயரில் பழகியவன். பாட்டைத் தொடங்க "அன், தெ, த்ருவா" என்று பிரெஞ்சில்தான் எண்ணுவான். அத்தனையும் சொந்தப் பாட்டு, தமிழ்ப் பாட்டு. மில் சங்கைப் பற்றி ராக் பாட்டு — யாருக்குத் தோன்றும்?

ஆனால் ஊர் என்ன சொன்னது? "சினிமா பாட்டு தெரியாதாப்பா?" வீராம்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் இரண்டாவது பாட்டோடு நிறுத்தி, சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கலைவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், யூசுப் வீட்டுக் கடையின் மாடியில், என் டேப் ரெக்கார்டரில் எல்லாப் பாட்டையும் பதிந்தோம். மேலே வேறெதையும் பதியக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் யூசுப்பே உடைத்தான். "பத்திரம்டா" என்று என்னிடம் கொடுத்தான்.

பல் போன ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். அந்தக் காலத்தில் கேசட் வைத்திருந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்து தொலைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் நேயர் விருப்பம். கைவசம் வேறு கேசட் இல்லை. ஒட்டினேன்... இரண்டு பக்கமும் சினிமா பாட்டு!

ஊரைத் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? இதை இத்தனை வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? இரண்டு நாள் யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. அரியாங்குப்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டு, கேசட்டோடு யூசுப் வீட்டுக்குப் போனேன். டீ வருவதற்குள் உண்மையைக் கக்கிவிட்டேன்.

யூசுப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜுலேகாவின் முகம் சுண்டிப்போயிற்று. "பரவால்லண்ணா... கொண்டாந்துட்டீங்க, போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

போட்டோம். சினிமா பாட்டு. விளம்பரம். மறுபடி சினிமா பாட்டு. ஒரு மணி நேரம் இதேதான் ஓடியது. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. இரண்டாம் பக்கம் முடியப்போகிற இடத்தில் 'டக்' என்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை, டேப் தீர்வதற்குள் நான் ரெக்கார்டிங்கை நிறுத்திய சத்தம்.

"அன், தெ, த்ருவா!"

கிடார். பின்னாலேயே யூசுப். மில் சங்குப் பாட்டு. மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும். பாதியிலேயே டேப் தீர்ந்துபோனது.

ஜுலேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திடீரென்று சிரித்தாள். அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "இந்தக் கொரல வெச்சிக்கினுதான் வூட்ல 'உப்பு போதும், உப்பு போதும்'னு மட்டும் பேசிக்கினு இருந்தீங்களா?"

நான் தலையைத் தூக்கவில்லை. யூசுப் பேச்சுக்குப் பதிலாக வைத்திருக்கும் சிலேட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினான்.

'நல்லகாலம் அழிச்சே. மத்த பாட்டெல்லாம் சுருதியே சேராது.'

பச்சைப் பொய்! அழிப்பதற்கு முன்னால் அத்தனையையும் கேட்டவன் நான்... ஒன்றுகூடச் சுருதி தப்பாது.