திரையில் நீந்திய மீன்கள்

"அம்மா, மீனெல்லாம் எங்க போனது?"

காலையில் நான் லப்டொப்பைத் திறந்தவுடன் என் நாலு வயது மகள் கேட்கும் கேள்வி இது. மூன்று மாதமாகக் கேட்கிறாள். "குளிக்கப் போயிட்டுது" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மீன் ஏன் குளிக்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அன்றோடு அவளிடம் பொய் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். வேறொருவரிடம் சொன்ன பொய் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மீன் என்று அவள் சொல்வது மீன் இல்லை. என் பழைய லப்டொப்பின் திரையில் இருந்த ஒரு கோளாறு. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் வலது மூலையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தோன்றும். கொஞ்ச நேரம் துடிக்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே நழுவிக் காணாமல் போகும். விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் மெஷின் அது. படம் காட்டும் சில்லுக்கும், அந்தச் சில்லை வேலை வாங்கும் ட்ரைவர் என்ற மென்பொருளுக்கும் இடையில் ஏதோ மனத்தாங்கல். எனக்கு அது தலையிடி. மகளுக்கோ தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அதே மீன்கள். இதைப் பார்த்துப் பிள்ளையின் கண் பழுதாகிவிடுமோ என்று நேர்சரி மிஸ்ஸிடம்கூடக் கேட்டேன். மிஸ் பாவம், நான் சொன்னது ஒன்றும் விளங்காமல், "கரட் குடுங்கோ" என்றார். கொடுத்தேன். மகளோடு சேர்ந்து நானும் சாப்பிட்டேன்.

இன்று காலை லப்டொப்பின் காற்றாடி உரத்துச் சுழன்று ஒரு வாசம் வந்தது. சூடேறிய தூசின் வாசம். சீருடை அயர்ன் பண்ணும்போது வருமே, அதில் பாதி. மற்றப் பாதி கொட்டாஞ்சேனை.

கல்யாணத்துக்கு முன்னர் நான் வேலை செய்த ஒபிஸ் கொழும்பின் அந்தப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. துண்டுப்பிரசுரம், விண்ணப்பப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள் எல்லாவற்றையும் தமிழாக்கிப் பக்கம் அமைத்துக் கொடுப்போம். யன்னலைத் திறந்தால் துறைமுகப் பக்கத்து லொறித் தூசி. மூடினால் கீழிருந்து கொத்து ரொட்டியின் எண்ணெய் மணம். இரண்டும் மெஷின்களுக்குள் போய்ப் படிந்து, மத்தியானத்துக்குப் பிறகு சூடாகி வெளியே வரும். எங்கள் முதலாளி, நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், லினக்ஸ் பக்தர். சிலர் நாள் பார்ப்பதுபோல அவர் புது வெர்ஷன் பார்ப்பார். வெளிவந்த மறுநாளே எல்லா மெஷினுக்கும் ஏற்றிவிடுவார். அதற்கடுத்த நாள் ஏதாவது ஒரு திரை நடுங்கும், அல்லது கறுக்கும்.

யார் எங்கிருந்து வருகிறோமோ அந்த ஊர்ப் பெயரை ஒட்டுத்தாளில் எழுதி மெஷினின் அடியில் ஒட்டி வைப்பது அந்த ஒபிஸின் வழக்கம். என்னுடையது வெள்ளவத்தை. பக்கத்து மேசையில் இருந்த ஷிபானாவுடையது மருதானை. "பாமன்கடை இருண்டுட்டுது", "ஹெந்தளையில கோடு கோடா ஓடுது" என்று நாங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு படியேறி வந்த வாடிக்கையாளர் ஒருவர், மழைச் செய்தி என்று நினைத்து, தன் வீட்டுப் பக்கம் எப்படி என்று விசாரித்தார்.

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் கயிறு கட்டி, தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர் கொப்பி. எந்தத் திரைக்கு என்ன வைத்தியம் பார்த்தாலும் அதில் எழுத வேண்டும். சட்டம் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், ஒரு வரி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று ஆண்டவனுக்கும் தெரியாது என்பார் சேர்.

ஷிபானாவின் வரிகள் தந்தி மாதிரி இருக்கும். "மருதானை. கறுப்புத் திரை. பழைய கேர்னலில் எழுப்பினேன். சரி." கேர்னல் என்றால் லினக்ஸின் அடிப்பகுதி, மற்றதெல்லாம் அதன் தோளில்தான் நிற்கிறது. என் வரி ஒன்று இப்போதும் நினைவிருக்கிறது. "வெள்ளவத்தை. திரை நடுங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. நின்றுவிட்டது. நின்றுவிட்டதா?" அதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஷிபானா எழுதி வைத்தாள்: "புள்ள, கொப்பியிடம் கேள்வி கேட்கப்படாது."

ஒரு முறை அவளுடைய மெஷின் முழுக் கறுப்பாகிவிட்டது. எழுத்தில்லை, அம்புக்குறியில்லை. அவள் பதறவில்லை. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். பெயரை அடித்தாள், கடவுச்சொல்லை அடித்தாள், பிறகு நீளமாக ஏதோ ஒரு கட்டளை. எல்லாம் அந்த இருட்டுக்குள்ளேயே. நான் பின்னால் நின்று கையைப் பிசைந்தேன்.

"ஷிபானா, சரியா விழுந்ததெண்டு என்னெண்டு தெரியும்? ஒண்டும் தெரியேல்லையே."

"எனத்துக்குப் புள்ள பாக்கணும்? வெரலுக்குத் தெரியும்தானே."

மெஷின் ஒருதரம் கூவிவிட்டு எழும்பியது. நானும் பிறகு முயன்று பார்த்தேன். கடவுச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் அடித்து, சந்தேகம் வந்து அழித்து, திரும்ப அடித்து, மூன்று தடவை பிழைத்து, கடைசியில் சேரைக் கூப்பிட்டேன்.

சேரைப் பற்றி இன்னொன்று. கூட்டம் நடக்கும்போது அவருக்கு அடிக்கடி தாடியைச் சொறியும் பழக்கம். நான் ஒரு கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கை தாடிக்குப் போனால் போதும், அந்த வசனத்தின் நடுவிலேயே நான் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். ஒருநாள் ஷிபானா தாங்காமல் என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சேருக்குத் தாடி அரிக்கிது புள்ள. ஒங்கட பதிலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்றத்த உடுங்க."

விட முடியவில்லை. ஒபிஸ் மூடப்பட்டபோது அவரவர் மெஷினை அவரவரே வைத்துக்கொள்ளச் சொன்னார் சேர். ஷிபானா கல்யாணமாகிக் கட்டாருக்குப் போனாள். நான் வெள்ளவத்தையை வெள்ளவத்தைக்கே கொண்டு வந்தேன். பிறகு என் கல்யாணம், மகள், நாலு வருடம் வீடு.

மகள் நேர்சரி போகத் தொடங்கியதும் மறுபடி வேலை தேடினேன். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மொழிபெயர்ப்பு வேலைகள். இரண்டு நேர்முகம், இரண்டும் வீடியோவில், இரண்டும் தோல்வி. முதலாவதில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், நான் "ஓம்" என்று தொடங்கியதை "இல்லை" என்று முடித்தேன். இரண்டாவதில் ஓர் அம்மா புருவத்தை உயர்த்தினார். அங்கே என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவதும் போனால் இனிக் கேட்பதில்லை, பிள்ளையோடு வீட்டில் இருந்துவிடுவது என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முடிவையும் மாற்றிவிடுவேன்.

மூன்றாவது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. இவர் வேலைக்குப் போய்விட்டார். நேர்சரி லீவு. மகளை மேசைக்கு அடியில் பிஸ்கட்டோடு உட்கார வைத்தேன். அரை மணித்தியாலம் முன்பே லப்டொப்பைத் திறந்து, மீன்கள் வந்து போகும்வரை காத்திருந்தேன். அந்தப் பக்கம் இருவர், ஒரு மேலாளர் அம்மாவும் ஓர் இளைஞரும். வணக்கம் சொல்லி முடியவில்லை, திரை ஒருதரம் நடுங்கியது. மூலையில் அடங்க வேண்டிய மீன்கள் முழுத் திரைக்கும் பரவின. இரண்டு முகமும் ஊதாக் கட்டங்களுக்குப் பின்னால் போய்விட்டன. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவர்களுக்கு நான் வழமைபோலத் தெரிகிறேன் என்பது கேள்விகள் நிற்காமல் வந்ததிலிருந்து விளங்கியது.

ரீஸ்டார்ட் செய்வதா? செய்து எழும்பாவிட்டால்? சொல்வதா? சொன்னால், மெஷினைப் பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்தால்?

"அம்மா, பெரிய்ய மீன்!" என்றாள் மகள், மேசைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்து. அதே நேரம் கீழே லேனுக்குள் பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் த்ரீவீல், தன் வழமையான பாட்டோடு நுழைந்தது. எல்லாம் கைவிட்டுப் போனபின் மனதுக்கு ஒரு சுகம் வருமே, அது வந்தது.

"எங்கட செயலியின்ர தமிழ்ப் பக்கங்களைப் பாத்தனீங்களா? எப்படியிருக்கு?" என்று கேட்டது அந்த இளைஞரின் குரல்.

முகம் தெரிந்திருந்தால் "நல்லாயிருக்கு" என்றிருப்பேன். முன்னால் பச்சை மீன்தான் இருந்தது. "வாசிக்க ஏலாமல் கிடக்கு" என்றேன். யார் கண்ணாடி கழற்றினார்கள், யார் புருவம் எங்கே போனது, ஒன்றும் தெரியாது. ஆகவே நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனேன். எந்த வசனம் ஏன் பிழை, எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக, பத்து நிமிடம். ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை.

வேலை கிடைத்தது. அந்தப் பக்கங்களை எழுதியவரே அந்த இளைஞர்தான் என்று முதல்நாள் அவரே சொன்னார். "உங்கட முகம் அசையவேயில்ல மிஸ். எனக்குத்தான் கொஞ்சம் பயமாயிருந்தது."

இனித்தான் என் குற்றம் வருகிறது. வேலை தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து மகள் தூங்கிவிட்டாள். நாளைக் கூட்டத்திலும் மீன் வந்தால் என்ற பயம் பிடித்தது. பழைய கேர்னலில் மெஷினை எழுப்பினேன். திரையின் மின்சிக்கன வசதியை நிறுத்த ஒரு வரி சேர்த்தேன். உள்ளே நுழையும் பக்கத்தில், திரையை வரையும் மென்பொருளை வேலண்டிலிருந்து எக்ஸோர்க் என்ற பழையதற்கு மாற்றினேன். மூன்று மாற்றம், ஒரே மூச்சில். ஒரு வரியும் எங்கும் எழுதவில்லை. அன்றிலிருந்து ஒரு மீனும் வரவில்லை. திரை, கழுவித் துடைத்த கண்ணாடிபோலக் கிடக்கிறது.

ஷிபானாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் குரல் பதிவில் சிரித்தாள். "ஒன்னு மாத்தினீங்களா, இல்லாட்டி மூணு நாலயும் போட்டுக் கொழப்பினீங்களா? உண்மயச் சொல்லுங்க புள்ள."

"ஒண்டுதான்" என்றேன்.

இப்போது கூட்டங்களில் எட்டு முகங்கள் எட்டுப் பெட்டிகளில் பளிச்சென்று தெரிகின்றன. கொட்டாவி, கன்னத்தில் கை, எல்லாம் துல்லியம். போன கிழமை ஒரே கூட்டத்தில் நான்கு தடவை "அப்பிடியும் இருக்கலாம்" என்றேன். வேலைக்கு எடுத்தது இந்தப் பெண்ணைத்தானா என்று மேலாளர் அம்மா யோசிப்பதுபோல இருக்கிறது. யோசிக்கிறாரா, அல்லது அவருக்கும் எங்கோ அரிக்கிறதா? ஒரு பக்கத்தில் அப்டேட் ஒன்று காத்திருப்பதாக அறிவிப்பு வேறு. "அமத்தும், வாறது வரட்டும்" என்கிறார் கணவர். "ஒரு பட்டன் அமத்த மூண்டு பேரிட்டக் கேக்கிற ஆள் நீர்."

கொட்டாஞ்சேனை ஒபிஸ் இப்போது இல்லை. அந்த மாடிப்படியை இடித்து, கீழே கண்ணாடி போட்டு போன் கடை ஆக்கிவிட்டார்கள். ஆணி, கயிறு, கொப்பி, ஷிபானாவின் சிவப்புப் பேனா ஒன்றும் இல்லை. மருதானையும் பாமன்கடையும் ஹெந்தளையும் எந்த அலுமாரிக்குள் கிடக்கின்றனவோ. கடைசியாக என் மீன்களும் போய்விட்டன. அவற்றுக்குப் பின்னால் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போன அந்தத் துணிச்சல்காரியும்தான்.

நேற்று ஒரு புதுச் சீ.ஆர் கொப்பி வாங்கினேன். முதல் வரியில் "வெள்ளவத்தை" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். ஆகவே, விஷயம் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேர்னல், மின்சிக்கனம், எக்ஸோர்க், இந்த மூன்றில் எதை மட்டும் பழையபடி மாற்றினால் மீன்கள் திரும்பி வரும்? முழுத் திரைக்கும் வேண்டாம், முகங்களை மறைக்கும் அளவுக்கு வந்தால் போதும். ஒன்றை மாற்றி, ஒரு ரீஸ்டார்ட், ஒரு வரி என்று இந்த முறை ஒழுங்காகச் செய்கிறேன். தயவுசெய்து எனக்கு மட்டும் எழுதுங்கள். ஷிபானாவின் காதுக்குப் போக வேண்டாம்.