அப்பாவின் கண்ணுக்கு அனுப்பிய பணம்

குவைத்திலிருந்து அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து போனில் விசாரித்தபோது, "ஆச்சுப்பா. எல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்றார்.

அடுத்த மாதம் விடுமுறையில் வந்தேன். சிதம்பரம் ரயில் நிலையத்தில் அப்பா காத்திருந்தார். எனக்கு முன்னால் இறங்கிய பருமனான ஒருவரின் பெட்டியை வாங்கிக்கொண்டு, "என்னப்பா, இப்படி எளச்சுப் போயிட்ட?" என்றார். அந்த மனிதருக்கு மிகவும் சந்தோஷம். நான் அப்பாவின் தோளைத் தொட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அவர் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நான் அனுப்பிய பணம் முழுவதும் எங்கள் இருவர் பெயரிலும் வங்கியில் டெபாசிட்டாக இருந்தது.

"அப்ப ஆபரேஷன்?"

"வெயில்ல நின்னு சம்பாரிச்ச காசு. எங் கண்ணுல போட்டா திரும்பி வருமா? வட்டி எவ்ளோன்னு பாரு, எழுத்து பொடிசா இருக்கு."

எழுத்து பெரியதாகத்தான் இருந்தது. மறுநாள் டெபாசிட்டை எடுத்தேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தைப் பார்க்காமல் வாசலில் போய் நின்றுகொண்டார். அந்த வாரமே கடலூரில் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெஜமாவே எளச்சுதான் போயிட்ட" என்றார்.