புளி படாத குடம்

கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டு மியூசியத்தில் ரேணுகாவுக்குக் கொடுத்திருக்கும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பாத்திரங்களைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்வது. இருபத்திரண்டு வருடம் அதே வீட்டில் அதே பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்தவளுக்கு இப்படி ஒரு வேலை வாய்க்கும் என்று எந்தச் சோசியரும் சொல்லியிருக்க மாட்டார்.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு விவசாய வேலைதான் தெரியும். கண்மாய் வறண்ட ஒரு வருடம், கணவன் ஈஸ்வரன் நிலத்தை விட்டுவிட்டுக் காரைக்குடியில் லோடு ஆட்டோ ஓட்டப் போனான். அவள் பெரிய வீட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வீட்டுக்காரர்கள் சென்னையில். வருடம் முழுவதும் பூட்டியிருக்கும் வீடு கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் திறக்கும். திறந்தால் அறை அறையாக அடுக்கிய அண்டா, தவலை, குடம் எல்லாம் கிணற்றடிக்கு வந்து மலையாகக் குவியும். ரேணுகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புளியும் கையுமாக உட்கார்ந்தால் மூன்று நாளைக்கு எழுந்திருக்க மாட்டாள். கல்யாணப் பெண்ணின் சித்தி ஒருத்தி அண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டதை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

தேய்த்ததில் அவளுக்கு ஒரு படிப்பே வந்துவிட்டது. வெண்கலத்தைத் தட்டினால் சத்தம் லேசில் அடங்காது, பித்தளை சட்டென்று அடங்கிவிடும். பித்தளையில் புளியை ஊறவிட்டு மறந்துபோனால் மஞ்சள் போய் ரோசாப்பூ நிறம் ஏறிவிடும். எந்தக் குடத்தின் கழுத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். செட்டிநாட்டில் பெண்ணுக்குச் சீர் கொடுத்தால் ஒவ்வொரு பாத்திரத்திலும் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தித்தான் கொடுப்பார்கள். அந்தப் புள்ளிகள் ரேணுகாவின் விரலுக்கு அத்துப்படி.

இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டுக்காரரான தேனம்மை ஆச்சி ஒரு டிரஸ்ட் வைத்து, வீட்டின் முன்பகுதியான முதல் இரண்டு கட்டுகளையும் மியூசியமாக்கத் தீர்மானித்தார். பொருள்களை ஆராய்ந்து பட்டியல் போட மதுரையிலிருந்து சத்தியப்பிரியா வந்தாள். முப்பது வயது, மியூசியப் படிப்பு படித்தவள், பை நிறைய பூதக்கண்ணாடியும் தூரிகையும். அவளை வரவேற்கும் மரியாதைக்கு ரேணுகா முந்தின நாளே நாற்பது பாத்திரத்தைத் தேய்த்து முற்றத்தில் வரிசையாக வெயிலுக்கு வைத்திருந்தாள். வாசலிலிருந்து அந்தப் பளபளப்பைப் பார்த்த சத்தியப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தேய்க்கத் தேய்க்க உலோகம் கரையுதுக்கா. பேரு, வேலைப்பாடு, எல்லாம் அதோட போயிடும்."

"அப்ப அழுக்கோட வைக்கச் சொல்றீகளா மேடம்? வாரவுக என்னயத்தானே காறித் துப்புவாக?"

"இந்தப் பழுப்பு அழுக்கு இல்லக்கா. உள்ள இருக்கிற பித்தளையைக் காப்பாத்துறதே அதுதான். வெளிர்பச்சையாப் பொடிஞ்சு வந்தாத்தான் ஆபத்து. அது எங்கயாவது தெரிஞ்சா உடனே என்னைக் கூப்பிடுங்க."

அன்றோடு வீட்டுக்குள் புளி நுழையக் கூடாது என்று சட்டமானது. ரேணுகாவுக்குக் கையுறை, மென்மையான தூரிகை, கழுத்தில் தொங்கவிட போட்டோ ஒட்டிய அட்டை எல்லாம் கிடைத்தன. நாள்கூலியாக இருந்தவள் முதல்முறையாக மாதச் சம்பளக்காரி ஆனாள். அந்த அட்டையை அவள் பஸ்ஸிலும் கழற்றுவதில்லை, ரேஷன் கடையிலும் கழற்றுவதில்லை. மகள் கேலி செய்தால், "என்னைய மியூசியத்துக்காரின்னு கூப்பிடுறாக, தெரியுமுல்ல?" என்பாள்.

ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் குடம் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

நடுத்தர அளவுப் பித்தளைக் குடம். தோளில் 'சிகப்பி' என்று பெயர். அதற்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு ஒரு மங்கல். வேலைக்கு வந்த முதல் வாரம், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ரேணுகா அந்தக் குடத்தைச் செங்கல் பொடி போட்டுப் பரபரவென்று தேய்த்துவிட்டாள். கழுவிப் பார்த்தால் அந்த மங்கல். தான்தான் உரசிக் கெடுத்துவிட்டோம் என்று நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை புளி, எலுமிச்சை, சாம்பல் என்று போட்டுப் பார்த்தும் அந்த இடம் மட்டும் மினுங்கவே இல்லை. குடத்தை அடுக்கும்போதெல்லாம் மங்கலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டாள்.

பட்டியல் போடும்போது சத்தியப்பிரியா குடத்தைத் திருப்பினாள். "இது எப்ப ஆச்சுக்கா?"

"தெரியல மேடம்." குடத்தை வாங்கி மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

இந்த வருட மார்கழி கடைசியில் பொருள்களின் நிலை பற்றிய அறிக்கை தயாரானது. டிரஸ்ட் மேனேஜர் ஞானசம்பந்தம் அதை வரி வரியாக வாசிக்கிற ஆள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்ததும் சத்தமாகவே வாசித்தார்: "அண்மைக் காலத்தில் சொரசொரப்பான பொருளால் உரசியதால் ஏற்பட்ட சேதம் எனத் தெரிகிறது." கண்ணாடியை இறக்கிக்கொண்டு ரேணுகாவைப் பார்த்தார். "இந்த வீட்டுல தேய்ச்சது நீ ஒருத்திதான? ஆச்சி சனிக்கெழம வாராக. கெடுத்தவளையே காவலுக்கு வச்சிருக்கியான்னு என்னையக் கேப்பாகளே, நான் என்னத்தச் சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் கையில்தான் அடுத்தவர் வேலை முதலில் பறிபோகும். ரேணுகா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அட்டையைப் பிடித்துக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறந்தாள். சோற்று டப்பாவில் அன்றைக்குச் சோறு இல்லை. ஊறவைத்த புளி இருந்தது. குடம் முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்துவிட்டால் மங்கல் அவ்வளவாகத் தெரியாது, ஆச்சி கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது அவள் கணக்கு. முற்றத்து ஓரத்தில் சாக்கை விரித்தாள். குடத்தை எடுக்கும்போது பழக்க தோஷத்தில் கையுறையை மாட்டிக்கொண்டாள். செய்யப்போவது திருட்டு வேலை, அதற்கும் கையுறை! அவளுக்கே சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

டப்பாவைத் திறந்தாள். புளியை எடுக்கக் கையுறையைக் கழற்றி ஒரு உருண்டை உருட்டிவிட்டாள். அப்போதுதான் கூரை விளிம்பு தாண்டிக் காலை வெயில் சாய்வாக விழுந்தது.

இரண்டு வருடம் புளி படாத குடம் வெல்லப்பாகு நிறத்துக்குக் கருத்திருந்தது. மங்கலான இடம் மட்டும் அவ்வளவாகக் கருக்கவில்லை. அந்த இடத்துக்குள்ளே இன்னும் வெளுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. உப்புக் கறையோ? குனிந்தாள். குடத்தை இங்குட்டு ஒரு சுற்று, அங்குட்டு ஒரு சுற்று. உப்பு இப்படி வரிசை கட்டி நிற்காதே? ஒரு கோடு, ஒரு வளைவு, மறுபடி ஒரு கோடு. வாய் தன்னால் முணுமுணுத்தது: "நா... க..." அடுத்த எழுத்து பிடிபடவில்லை. புளி உருண்டை கையிலேயே காய ஆரம்பித்தது. வேலை போகுமோ என்ற பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இந்தப் பெயர் யாருடையது, இத்தனை வருடம் என் கைக்கு ஏன் தட்டுப்படவில்லை என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

காரைக்குடி பஸ்ஸில் இறங்கி வந்த சத்தியப்பிரியா நிலைக்கதவிலேயே மூக்கைச் சுளித்தாள். புளி வாசம். சாக்கையும் டப்பாவையும் குடத்தையும் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"தேய்ச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல மேடம். தேய்க்கத்தான் வந்தேன்." ரேணுகா எழுந்து நின்றாள். "அந்தச் செங்கப்பொடியப் போட்டதும் நாந்தேன். தெரியலன்னு பொய் சொன்னேன். என்ன செய்யணுமோ செய்ங்க. ஆனா முதல்ல இங்க வந்து இதப் பாருங்க. எழுத்து இருக்கு."

சத்தியப்பிரியாவுக்கு வந்த கோபம் குடத்தருகே குனிந்த மாத்திரத்தில் மறந்துபோனது. செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள், பூதக்கண்ணாடியை எடுத்தாள், சாக்கின் மேலேயே மண்டியிட்டாள். இரண்டு பேரும் தலை முட்ட முட்டப் பார்த்தார்கள். ரேணுகா கை கழுவி வந்து, கையுறையை மாட்டி, விரலைப் புள்ளிகளுக்கு மேலே ஓட்டிக் காட்டினாள். அரைமணி நேரத்தில் முழுப்பெயரும் வந்துவிட்டது. நாகம்மை.

"பேர் வெட்டின குழியில ஈயத்தை நிரப்பி மேல அரத்தால ராவியிருக்காங்க" என்றாள் சத்தியப்பிரியா. "நீங்க தேய்க்கிறப்ப ஈயம் இழுவி எல்லாம் ஒரே மங்கலாத் தெரிஞ்சிருக்கு. தேய்க்காம விட்டதும் பித்தளை கருத்திடுச்சு, ஈயம் கருக்கல. அதான் பேரு வெளிய வந்துடுச்சு."

"அப்ப என் செங்கப்பொடி?"

"இங்க பாருங்க. சிகப்பியோட முதல் புள்ளி இந்த ஈயத்து மேல விழுந்திருக்கு. அப்ப ஈயம் முந்தி, சிகப்பி பேரு பிந்தி. நீங்க பொறக்குறதுக்கு ரொம்ப நாள் முன்னாடி நடந்த வேலைக்கா இது. நான்தான் சரியாப் பார்க்காம எழுதிட்டேன்."

ரேணுகா சாக்கில் உட்கார்ந்து அழுதாள். செய்யாத குற்றத்தை இத்தனை வருடம் சுமந்திருந்தால் யாருக்கும் அழுகை வரும். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சரி மேடம், இந்த நாகம்மை யாரு?"

அதற்கு மறுநாள் வந்த தேனம்மை ஆச்சிதான் பதில் வைத்திருந்தார். குடத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு அய்யாவுக்கு, அதான் எங்க மாமனாரோட அப்பாவுக்கு, மொதக் கல்யாணம் பள்ளத்தூர்ல. வந்த வருசமே அந்தப் பொண்ணு காச்சல்ல போயிருச்சு. பிள்ளை இல்ல. வழக்கப்படி சீரெல்லாம் பொறந்த வீட்டுக்கே வண்டி வண்டியாத் திரும்பிப் போச்சு, ஒரு கரண்டிகூட மிச்சமில்லன்னு எங்க மாமியார் சொல்வாக. பெறகு வந்தவுகதான் சிகப்பி ஆச்சி. மொதப் பொண்ணு பேரை இந்த வீட்டுல யாரும் எடுத்ததில்ல. எனக்கே இப்பத்தான் தெரியுது."

அப்படியென்றால் இந்த ஒரு குடம் எப்படித் தங்கியது? செத்தவள் நினைவாக அய்யா ஒளித்து வைத்திருப்பார் என்றாள், இன்னும் கல்யாணமாகாத சத்தியப்பிரியா. ரேணுகாவுக்கு வேறு எண்ணம். "என்னைய மாதிரி தேய்க்கப் போனவ எவளோ கெணத்தடியில மறந்து விட்டிருப்பா. வண்டி போன பெறகு பாத்துருப்பா. பயத்துல வெளிய சொல்லியிருக்க மாட்டா." இரண்டில் எது, ஈயத்தால் பெயரை அடைத்துச் சிகப்பி பெயரை வெட்டியது யார் என்று குடத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆச்சி இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு வேறொன்றைச் சொன்னார்.

"எப்படித் தங்குனா என்ன, இது நம்ம சாமான் இல்ல. பள்ளத்தூர்ல அந்த வீட்டு வாரிசு, பெத்தாச்சின்னு ஒரு பெரியவர் இருக்காரு. நாளைக்கே போய்ச் சேரணும். ரேணுகா, நல்லாப் புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சு வையி. கருத்த குடத்தக் கொண்டுபோய்க் கொடுத்தா நமக்குத்தான் மரியாதக் கொறச்சல்."

சத்தியப்பிரியா மேனேஜரைப் பார்த்தாள். சம்பளம் கொடுப்பவரிடம் எப்படி மறுப்பது? ஞானசம்பந்தம் தரையைப் பார்த்தார். ரேணுகாவின் கை தன்னால் கழுத்து அட்டைக்குப் போனது. நேற்றுத் தப்பிய வேலை. இன்றைக்குத் தலையாட்டினால் யாரும் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள்.

"தேய்க்க மாட்டேன் ஆச்சி."

ஆச்சி நிமிர்ந்தார். அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

"தேய்ச்சா அந்தப் புள்ள பேரு மறுபடி மறைஞ்சு போயிரும். இருபத்திரெண்டு வருசம் நாந்தேன் மறைச்சிருக்கேன், தெரியாம. தெரிஞ்சும் எப்படி ஆச்சி மறைக்க? வேலைய விட்டு நிக்கச் சொன்னாலும் சரி, நிண்டுக்கிறேன்."

ஆச்சி மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குடத்தருகே குனிந்து பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். "பதினெட்டு, பத்தொம்பது வயசுதான் இருக்கும் அதுக்கு" என்றார். கண்ணாடியை வைத்துவிட்டு, "நீயே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஈஸ்வரனின் லோடு ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து, வெள்ளைத் துணி சுற்றிய குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேணுகா பள்ளத்தூருக்குப் போனாள். பெத்தாச்சி வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். விவரத்தைக் கேட்டு அசந்துபோய் நின்றார். அவர் மனைவி துணியை விலக்கிக் குடத்தைப் பார்த்துவிட்டு, மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டார்.

"ஏன் இம்புட்டுக் கருத்திருக்கு? அந்த வீட்டுல தேய்க்க ஆளில்லையா?"

"ஆளு நாந்தேன் ஆச்சி" என்றாள் ரேணுகா. குடத்தை வெயில்பக்கம் மெல்லத் திருப்பிக் காட்டினாள். "இனிமே நீங்களும் தேய்க்காதீக. இதுல உங்க வீட்டுப் பொண்ணு இருக்கு."