அக்கா உட்ட மூணடி

நெசமா சொல்றேன், இத எய்த வேணாம்னு தான் இருந்தேன். அக்காவோட மொத வருச நெனவு நாளுக்கு மலர் போட்றோம், நீயும் ஒரு கட்டுர குடுன்னு அக்கா வூட்டுக்காரரு, எங்க மாமா, கேட்டாரு. நானு ஒம்போதாவதுல பள்ளிக்கூடத்த உட்டு ஓடுனவன் மாமா, என் தமிழப் பாத்தா சொந்தக்காரங்க சோறு துன்னாமயே பூடுவாங்கன்னு டபாய்ச்சினு இருந்தேன். பிரஸ்காரரு வேற தெனம் போன் போட்டு, தம்பி ஒரு பக்கம் காலியா கீது, ரோஜாப்பூ படம் போட்றட்டான்னு கேட்டாரு. போட்டுக்கோ சார், என் கட்டுரைய உட ரோஜாப்பூ சோக்கா இருக்கும்னேன்.

அப்பால ஏன் எய்தறேன்னா, மாமா நடுவுல ஒரு விசயம் சொன்னாரு. அத ஒயுங்கா அது வர்ற எடத்துல சொல்றேன்.

மத்தவங்க எய்தனத படிச்சேன். அன்னார், அம்மையார்னுலாம் போட்டு வச்சிகிறாங்க. படிக்கச் சொல்லோ யாரோ மந்திரி பூட்ட மாரி கீது. நானு அக்கா வந்துச்சி, அக்கா திட்டுச்சின்னு தான் எய்துவேன். பெரியவங்க மன்னிச்சிக்கோங்க.

அக்கா பொறந்தது ராயபுரத்துல, ஹார்பர் ரயிலு லைனாண்ட ஒரு ரூம்பு வாடக வூட்ல. அந்த ரூம்புக்கு ஜன்னலு கெடையாது. கதவு தொறந்து இருந்தா தான் பகலு. எங்க நைனாவுக்கு ஹார்பர்ல நைட் ஷிப்ட்டு, பகல்ல தூங்கும், அதனால கதவ சாத்தி வச்சிருப்பாங்க. அக்கா கதவு இடுக்குல வர்ற ஒரு கோடு வெளிச்சத்துல நோட்ட வச்சி வூட்டுப்பாடம் எய்துமாம். வெளிச்சம் நவுர நவுர நோட்டும் நவுருமாம். நானு பத்து வருசம் கயிச்சி பொறந்தவன், இதெல்லாம் அம்மா சொல்லி தான் தெரியும். எனக்கு அந்த ரூம்பு இருந்திருந்தா வெளிச்சம் இல்லன்னு சொல்லி படிக்காமயே ஜாலியா இருந்திருப்பேன்.

அப்பால நைனா ரிட்டையரு ஆன காச போட்டு காலடிப்பேட்டைல அரை கிரவுண்டு எடமும் அதுல ஒரு ஓட்டு வூடும் வாங்குச்சி. அக்கா ஐடிஐல சிவில் டிராப்ட்ஸ்மேன் படிச்சிட்டு, தண்டையார்பேட்டைல பிளான் போட்ற ஆபீஸு ஒன்னுல சேந்துச்சி. அங்க இருந்த பொம்பளைங்க அல்லாம் சீட்டுல குந்தி வரைவாங்க. அக்கா ஒன்னு தான் ஸைட்டுக்குப் போயி அளக்கும். ஹேண்ட்பேக்ல பவுடரு, சீப்பு இருக்காது, டேப்பு தான் இருக்கும். நானு அதுக்கு வச்ச பேரே இன்ச் டேப்பு. இன்ச் டேப்பு வருது, வயி உடுங்கன்னு தெருவுல கத்துவேன். தொடப்பத்த எடுக்கும்.

அது அளக்கறதே ஒரு தினுசு. அடி, இன்ச்சுன்னு சொல்றதுக்கு மின்னாடி ஆளச் சொல்லும். ஒத்த ஆளு நடக்கணும்னா இவ்ளோ, ரெண்டு பேரு எதிர எதிர வந்தா இவ்ளோ, இடுப்புல தண்ணி கொடம் வச்சிகினு ஒரு பொம்பள திரும்பணும்னா இவ்ளோன்னு கைய அகட்டிக் காட்டும். கல்யாண வூட்டுக்கு இட்னு போனா கூட பொண்ணு மாப்ளய பாக்காது, பந்திலேர்ந்து கை கய்வற எடத்துக்கு ஜனம் எப்டி போவுது, எங்க முட்டிக்கிதுன்னு பாத்துகினு இருக்கும். சடையங்குப்பத்துல அத்த வூட்ல மயைக்கு பயந்து வாசப்படிய முட்டி ஒசரத்துக்கு கட்டி வச்சிட்டு பெருமையா காட்டுனாங்க. அக்கா சுத்திப் பாத்துட்டு, தண்ணி உள்ள வராது சரி அத்த, மீறி வந்தா எந்தப் பக்கமா வெளிய போவும்னு கேட்டுச்சி. அத்த மூஞ்சி போன போக்கப் பாக்கணும். அந்த மயைக்கே அத்த வூட்ல நாலு நாளு தண்ணி வெளிய போவாம நின்னுச்சி. அதுக்கப்பறம் சொந்தத்துல யாரு செவுரு எயுப்புனாலும் மொதல்ல அக்காவ தான் கூப்ட்டாங்க.

நைனா போன மறு வருசம் எங்க ஓட்டு வூட்டுக் கூர உள்வாங்கிச்சி. இடிச்சிட்டு புச்சா கட்டலாம்னு முடிவாச்சி. கட்டி முடிக்கற வரைக்கும் தண்டையார்பேட்டைல பெரியப்பா வூட்ல தங்குனோம். பெரியப்பா நல்லவரு, ஆனா என்னைக் கண்டா ஆவாது. நானு அங்க போன மொத வாரமே மொட்ட மாடில அவரு பொறாவ தொறந்து உட்டுட்டேன். இன்னொரு வாட்டி எதுனா சேட்ட பண்ணா இவன் இந்த வூட்ல இருக்கக் கூடாதுன்னு அம்மாவாண்ட கண்டிசனா சொல்லிட்டாரு.

எங்க தெருவு ஏயடி அகலம். அல்லாரும் தெரு ஓரம் வரைக்கும் கட்டி, மாடிய தெருவு மேல நீட்டி வச்சிகிறாங்க. படி வேற ரோட்ல எறங்கி நிக்கும். எங்க எடத்துல மட்டும் மின்னாடி மூணடிய வெட்டவெளியா உட்ருவேன்னு அக்கா சொல்லிச்சி. எனக்கு பேஜாராப் பூட்ச்சி. நானு அப்ப தேரடியாண்ட ஒருத்தரு மொபைலு கடைல வேல செய்றேன். அந்த மூணடிய உள்ள சேத்துகினா முன் ரூம்ப தடுத்து எனக்கு ஒரு கடை போட்டுக்கலாம். ஒரு வாரம் சண்ட. ஊருல எவனும் உடாத எடத்த நாம ஏன் உடணும்னேன். அக்கா கோவப்படல.

"டேய், ஜனம் போறதுக்கு மட்டும் எடம் இருந்தா அது தெரு இல்ல, பைப்பு. எங்கனா ஒரு எடத்துல நிக்கணும்ல?"

நின்னு இன்னா பண்ணப் போறாங்கன்னு கேட்டேன். நிக்கட்டும், அப்பால பாக்கலாம்னுச்சி.

வூட்ட இடிச்சி எடத்த துப்புரவா ஆக்குன ஞாயித்துக்கெயம அக்கா சுண்ணாம்புப் பொடி எடுத்தாந்து வூட்ட முயுசா தரைல வரஞ்சிச்சி. பேப்பர்ல இல்ல, நெச அளவுல. அல்லாரும் உள்ள போயி ஒரு மணி நேரம் குடித்தனம் பண்ணுங்கன்னுச்சி. அம்மா கோட்டுக்குள்ள குந்தி காத்துல தோச ஊத்துச்சி. நானு பாத்ரூம்பு கோட்டுக்குள்ள போயி கதவ சாத்தற மாரி சாத்திகினு வெளிய வர மாட்டேன்னு அடம் புட்ச்சேன். தெரு ஜனம் சிரிக்குது. அக்காவும் சிரிச்சிகினே அம்மா கை எங்க போவுது, முதுகு எங்க இடிக்குதுன்னு பாத்து, அடுப்பு இருந்த கோட்ட கால்ல அய்ச்சிட்டு மேக்கால தள்ளிப் போட்டுச்சி. காலைல வெயிலு அம்மா மூஞ்சில அடிக்காம முதுகு பக்கம் வர்ற மாரி. இன்னைக்கி நெனச்சாலும் எனக்கு புட்ச்ச நாளு அது தான். செவுரே இல்லாத வூட்ல நாங்க அவ்ளோ சந்தோசமா இருந்தோம்.

அடுத்த நாளு மேஸ்திரி வந்து அந்தக் கோட்டு மேல குச்சி அட்ச்சி நூலு கட்டிட்டுப் போனாரு. மறுநாளு கடக்கால் தோண்டறது.

இப்ப சொல்றேன். அந்த மறுநாளு விடிகாலைல நானு ஸைட்டுக்குப் போயி மின்னாடி கீற ரெண்டு குச்சிய புடுங்கி மூணடி தள்ளி தெரு ஓரமா நட்டேன். நூல இஸ்து கட்னேன். பயைய கோட்ட அய்ச்சிட்டு புச்சா பொடி போட்டேன். கூட ஒருத்தன் இருந்தான், ரெண்டாவது குச்சிய அவன் தான் நட்டான். அவனுக்கு இப்போ கல்யாணம் பேசிகினு கீறாங்க, அதனால பேரு வேணாம். நானு நெனச்சது இன்னான்னா, தோண்டிட்டா அப்பால யாரு மூடப் போறா, கடை வந்துரும். அவ்ளோ தான் என் மூள.

சாயங்காலம் அக்கா ஆபீஸ்லேர்ந்து நேரா ஸைட்டுக்கு வந்துச்சி. அம்மா, பெரியப்பா, மேஸ்திரி, நானு அல்லாரும் நிக்கறோம். பள்ளம் தோண்டி, கீய ஜல்லி கலந்து கொட்டியாச்சி. அக்கா வாசல்ல நின்னுச்சி. டேப்ப எடுக்கல. எட்டு வச்சி நடந்துச்சி. பயைய குச்சி இருந்த ரெண்டு ஓட்டையையும் பாத்துச்சி. அப்பால என் செருப்பப் பாத்துச்சி. செருப்பு முயுசா வெள்ளப் பொடி.

பெரியப்பா இன்னாம்மா ஆச்சின்னு கேட்டாரு. அக்கா அவரு பக்கம் திரும்பிச்சி.

"தப்பு என்னுது பெரியப்பா. அளவு தப்பா எடுத்து கோட்ட மூணடி தள்ளிப் போட்டுட்டேன்."

மேஸ்திரி சிரி சிரின்னு சிரிச்சாரு. "இன்னாம்மா, ஊருக்கெல்லாம் அளந்து குடுக்கற, சொந்த வூட்டுக்கு கோட்ட உட்டுட்டியே."

அக்காவும் கூட சேந்து சிரிச்சிச்சி. அல்லாரும் போன அப்பால என் கைல மம்முட்டிய குடுத்துச்சி. நானும் அதுவும் அந்தப் பள்ளத்த மூடுனோம். ஒரு வார்த்த கேக்கல, ஒரு வார்த்த திட்டல. திட்டிருந்தா அன்னைக்கே மறந்துருப்பேன்.

அந்த மூணடி கதைய மேஸ்திரி ஊரு முயுசா சொன்னாரு. சொந்தக்காரங்க நீங்க அல்லாருமே சொல்லி சிரிச்சிகிறீங்க. அக்கா அளந்துச்சா, அப்போ மூணடி சேத்துக்கோன்னு கல்யாணத்துல, காது குத்துல, அல்லா எடத்துலயும். நானும் சொல்லிகிறேன். எல்லார உட சத்தமா நானு தான் சொல்லிகிறேன்.

இப்ப மாமா சொன்ன விசயம். நானு கட்டுர எய்த மாட்டேன்னதும், டேய் மச்சான், ஒன்னியும் எய்த வேணாம், அந்த மூணடி மேட்டர எய்து, படிக்கறவங்க சிரிப்பாங்கன்னாரு. கூடவே சாதாரணமா சொன்னாரு: அது மேஸ்திரி மூலியமா ஆபீஸ் வரைக்கும் பூட்ச்சி, சொந்த வூட்ட ஒயுங்கா அளக்காதவங்கள எப்டி ஸைட்டுக்கு அனுப்பறதுன்னு மொதலாளி அதோட அக்காவ சீட்டுல குந்த வச்சிட்டாரு, ஆறு வருசம் கம்ப்யூட்டர்லயே வரஞ்சிச்சி, பக்கத்து சீட்டு நானு, அதனால தான் எனக்கு கல்யாணமே ஆச்சின்னு சொல்லி சிரிச்சாரு.

எனக்கு சிரிப்பு வரல. வெயில்ல போயி கறுத்துப் பூட்டேன், ஏசில வேல குடுத்துகிறாங்கன்னு அக்கா எங்களாண்ட சொல்லி வச்சிருந்துச்சி. ஏசி வந்ததும் இன்ச் டேப்பு குண்டாயிடுச்சின்னு நானு கலாய்ச்சேன். தெருத்தெருவா நடந்து அளக்கறது தான் அதுக்கு உசுரு. நானு ரெண்டு குச்சியோட சேத்து அதையும் புடுங்கிகிறேன், தெரியாமயே.

ஆஸ்பத்திரில கடைசி பத்து நாளு நானு கூட இருந்தேன். அங்கயும் அது சும்மா இல்ல. கட்டிலு செவுத்தப் பாத்து கீது, தலமாட்டுப் பக்கம் ஜன்னலு கீது, திருப்பிப் போடுடான்னுச்சி. திருப்புனேன். நர்ஸம்மா வந்து திட்னாங்க. அடுத்த நாளு பக்கத்து ரெண்டு கட்டிலு காரங்களும் எங்களுக்கும் திருப்பி உடுப்பான்னு கேட்டாங்க, அதையும் திருப்புனேன். வெளிய மரத்துல நூலறுந்த காத்தாடி ஒன்னு மாட்டிகினு இருந்துச்சி, மூணு பேரும் நாளு முயுசா அதையே பாத்தாங்க.

அங்க ஒரு மத்தியானம் வாய தொறந்தேன். அக்கா, அன்னைக்கி அந்த குச்சின்னு ஆரம்பிச்சேன்.

"எந்த குச்சி?"ன்னுச்சி. சொல்லிட்டு கண்ண மூடிகிச்சி. தூங்கல. எனக்குத் தெரியும்.

அந்த மூணடி இன்னும் வெட்டவெளியா தான் கீது. தெருவுல எதிர எதிர ரெண்டு ஆட்டோ வந்தா ஒன்னு அங்க தான் ஒதுங்குது. தெரு முனைல தண்ணி லாரி நின்னா கொடம் வரிச அங்க தான் வளையுது. மீன்காரம்மா கூடைய எறக்கி வச்சி மூச்சு வாங்கறது அங்க தான். ஞாயித்துக்கெயம கேரம் போர்டு அங்க தான், நானே தான் அதுக்கு செக்ரட்டரி. அக்காவ ஐஸ் பொட்டில வச்சதும் அங்க தான். வர்றவங்க வந்து, நின்னு, பாத்துட்டுப் போறதுக்கு எடம் இருந்துச்சி. எங்க தெருவுல வேற எந்த வூட்டுச் சாவுக்கும் அப்டி நிக்க முடிஞ்சதில்ல.

அதனால இத படிக்கற சொந்தக்காரங்க, தெருக்காரங்க, மேஸ்திரி, ஆபீஸ் மொதலாளி அல்லாருக்கும் சொல்லிக்கறேன். அக்கா அளவு தப்பல. அன்னைக்கி காலைல வரைக்கும் கோடு சரியா இருந்துச்சி. இனிமே அந்த கதைய சொன்னீங்கன்னா என் பேர வச்சி சொல்லுங்க. பெரியப்பா, இப்போ வேணும்னா என்ன வூட்ட உட்டு தொரத்துங்க, வந்து நிக்கறேன்.

பத்து நாளும் தூக்கம் முயிச்ச மாமாவுக்கும், கட்டிலத் திருப்புனத பாத்தும் பாக்காத மாரி போன நர்ஸம்மாவுக்கும், காரியம் முடியற வரைக்கும் எங்க வூட்டு அடுப்ப பத்த வைக்க உடாம சோறு குடுத்த தெருவுக்கும், பக்கத்த காலியா வச்சிகினு காத்துகினு இருந்த பிரஸ்காரருக்கும் எங்க குடும்பம் சார்பா கைய எடுத்து கும்புட்றேன்.

பிரஸ்ஸுக்குக் குடுக்கறதுக்கு மின்னாடி, அன்னைக்கி கூட வந்த அந்த ஒருத்தனுக்கு மட்டும் வாட்ஸப்புல இத அனுப்பிச்சி, படிச்சிட்டு சொல்லு மச்சின்னேன். இன்னைக்கி காலைல பதிலு வந்துச்சி:

"ஒருத்தன்னு போட்டுகிற எடத்துல தேவான்னு மாத்துடா, அக்கா என்னையும் தான் காட்டிக் குடுக்கல."